உங்களுக்குத் தெரியுமா? அயர்லாந்தின் பாட்டுப் பெட்டகம்... அத்தை வீட்டு அடுப்படி!

வயலின் கிடையாது. மத்தளம் கிடையாது. பின்னால் ரீங்கரிக்க ஒரு கருவிகூடக் கிடையாது. ஒரே ஒரு தொண்டை! அயர்லாந்தின் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் 'ஷான் நோஸ்' பாட்டுக்கு மொத்த முதலீடே அவ்வளவுதான்!

தாளம் போடலாம் என்று தொடையைத் தட்டினால் ஏமாந்து போவீர்கள். தாளக் கணக்கே இல்லை! சொல் எங்கே இழுக்கிறதோ அங்கே பாட்டும் இழுபடும். ஓர் எழுத்தின் மேலேயே ஐந்தாறு சுரங்கள் ஏறி இறங்கும். முதல் அடியில் வந்த சங்கதி அடுத்த அடியில் வராது. அதே பாடகர், அதே பாட்டு, நாளைக்குக் கேட்டால் வேறு மாதிரி!

பாடுபவர் மேடையேறி கையை விரித்து நடிப்பார் என்று நினைக்கிறீர்களா? நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். சிலர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டே பாடுவார்கள்! கேட்கிறவர்களுக்கு முதுகு தரிசனம்தான்!

இதைவிட அதிசயம் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் எழுந்து வந்து பாடகரின் கையைப் பிடித்துக்கொள்வார். பிடித்த கையை மெதுவாகச் சுற்றுவார். பாட்டு முடியும் வரை சுற்றுவார்! பாடகருக்குத் தெம்பு கொடுக்கிறாராம்!

பாட்டுக்கு நடுவே பேசினால் நம் சபாக்களில் முறைப்பார்கள். அங்கே குரல் கொடுத்தால்தான் பாடகருக்கு உற்சாகம்! "கடவுள் துணையிருக்கட்டும்", "உன் கை தளராதிருக்கட்டும்" என்று அடிகளுக்கு இடையே சொல்லித் தட்டிக்கொடுப்பார்கள்!

கடைசி அடியை உச்சத்துக்குக் கொண்டுபோய் முடிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். பல பாடகர்கள் கடைசி இரண்டு மூன்று சொற்களைப் பாடுவதே இல்லை. சும்மா பேசிவிட்டு எழுந்துவிடுவார்கள்! பாட்டு முடிந்ததே உங்களுக்குத் தெரியாது!

இதையெல்லாம் யார் கற்றுக்கொடுத்தது? பள்ளியா? குருகுலமா? இரண்டும் இல்லை. அம்மா, பாட்டி, மாமா... எல்லாரையும் விட அதிகமாக, அத்தை! துருவத் துருவ அத்தைகளாகவே வந்து விழுகிறார்கள். நீங்களே பாருங்கள்! ஆனால் முதலில் ஒரு பாட்டி!

கார்க் மாவட்டம், பாலிவூர்னி. 1879-ல் அங்கே ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டில் பிறந்தவர் பெஸ் க்ரோனின். வளரும் வயதில் அவரைப் பிள்ளையில்லாத உறவினர் வீட்டுப் பண்ணைக்கு ஒத்தாசைக்கு அனுப்பினார்கள். பண்ணையில் வேலையாட்கள் உண்டு. வேலையாட்களிடம் பாட்டு உண்டு. பெண் அத்தனையையும் வாரிக்கொண்டாள்! பிற்காலத்தில் எண்ணிப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 200 பாட்டு!

பெஸ் க்ரோனினின் குரலை பி.பி.சி. முதன்முதலாகப் பதிவுசெய்தபோது அவருக்கு வயது என்ன தெரியுமா? 68! வருடம் 1947!

அத்தோடு விட்டார்களா? 1951-ல் அமெரிக்காவிலிருந்து ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து இறங்கினார். உலக நாடுகளின் நாட்டுப்பாட்டையெல்லாம் இசைத்தட்டு வரிசையாகப் போடத் திட்டமிட்டவர். 1952-ல் இன்னோர் அமெரிக்கர், ஜீன் ரிச்சி. வெளியூர்க்காரர்கள் கடல் தாண்டி வரிசையில் நின்றது ஒரு விவசாயக் குடும்பத்துப் பாட்டியின் வீட்டு வாசலில்!

ஜீன் ரிச்சி யார் என்கிறீர்களா? அவரும் ஒரு பாட்டுக் குடும்பத்துப் பெண்தான்! கென்டக்கி மலைப்பகுதியில் 14 பிள்ளைகளில் கடைக்குட்டி. தன் வீட்டுப் பாட்டுகளின் பூர்வீகத்தைத் தேடி உதவித்தொகை வாங்கிக்கொண்டு அட்லான்டிக்கைத் தாண்டி வந்தவர். அவர் பாடிக் காட்ட, இவர் பாடிக் காட்ட... ஒரே குடும்ப விசாரிப்பு!

பெஸ் க்ரோனினுக்கு ஐரிஷும் வரும், ஆங்கிலமும் வரும். அதனால் என்ன செய்தார்? ஒரு வரி ஆங்கிலம், அடுத்த வரி ஐரிஷ் என்று மாறி மாறி ஓடும் பாட்டுகளையும் பாடினார்! ஒரே பாட்டு, இரண்டு மொழி. ஒரு மொழி மட்டும் தெரிந்தவருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்!

அவர் பிள்ளை ஷான், அரசின் நாட்டுப்புறவியல் ஆணையத்துக்குச் சேகரிப்பாளர் ஆனார். ஊர் ஊராகப் பாட்டுத் தேடிப் போனவரின் வீட்டுக்குள்ளேயே புதையல்! சொந்த அம்மாவின் பாட்டையும் விடாமல் சேகரித்தார்!

பேரன் அதற்கும் மேலே! டாவி ஓ க்ரோனின் இடைக்கால வரலாற்றுப் பேராசிரியர். பழங்கால ஐரிஷ் துறவிகள் ஈஸ்டர் தேதியைக் கணக்கிட வைத்திருந்த 84 ஆண்டு அட்டவணை தொலைந்தே போய்விட்டது என்று அறிஞர்கள் கைவிட்டிருந்தார்கள். இவர் அதை இத்தாலியின் பதுவா நகரத்து ஓலைக்குவியல்... மன்னிக்க, தோல் சுவடிக் குவியலிலிருந்து தோண்டி எடுத்தார்! அதே கையோடு 2000-ல் பாட்டியின் பாட்டுகளை இரண்டு குறுந்தகடுகளோடு புத்தகமாகவும் போட்டார்! ஆயிரம் ஆண்டுக் கணக்கும் அவருக்குத்தான், அடுப்படிப் பாட்டும் அவருக்குத்தான்!

இன்னும் முடியவில்லை. பெஸ் க்ரோனினுக்குப் பேரன் முறை ஆகவேண்டிய இன்னொருவர் ஈர்லா ஓ லினர்ட். பாட்டி முறைக்காரர் பாடியதைக் கேட்டு வளர்ந்த பரம்பரை. 1978-ல் மீசை முளைக்காத வயதில் பாடிப் பதிவான ஒரே பாட்டு அவரை நாடறியச் செய்தது. பிறகு? ஆப்பிரிக்க மேளமும் மின்னணு இசையும் கலந்து கட்டி அடிக்கும் ஆஃப்ரோ கெல்ட் சவுண்ட் சிஸ்டத்தில் பாடகர்! அதே பழைய ஐரிஷ், அதே கண்மூடிய பாட்டு, சுற்றிலும் அதிரும் ஒலிபெருக்கிகள்!

ஈர்லாவின் ஊர் கூல் ஏ. பாலிவூர்னிக்கு அடுத்த வாசல். அந்தச் சின்னக் கிராமத்தில் 1964-ல் இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா ஓர் ஆண்கள் பாடகர் குழுவைத் தொடங்கினார். 1971-ல் அவர் இறந்துபோனார். வயது 40! குழு கலைந்துவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? பொறுப்பை ஏற்றது அவர் மகன் பேடர். பள்ளிப் பருவத்துப் பையன்! பெரியவர்கள் நிறைந்த குழுவை அந்தப் பையன் நடத்தினான். பல பத்தாண்டுகளாக விடாமல் நடத்திவருகிறார்!

இப்போது வரிசையாக அத்தைகள் வருகிறார்கள். வழிவிடுங்கள்!

கால்வே மாவட்டம், காஹர்லிஸ்ட்ரேன் கிராமம். ரீட்டா கீன், சாரா கீன் என்று இரண்டு சகோதரிகள். பொதுவாக யாரும் சேர்ந்து பாடாத மரபு இது. தனிக்குரல்தான் சட்டம்! ஆனால் இந்த இரண்டு பேரும் சேர்ந்தே பாடினார்கள். நெளிவு, சுளிவு, மூச்சு, நிறுத்தம் அனைத்தும் ஒன்றாக! கண்ணை மூடிக் கேட்டால் ஒருவரா இருவரா என்று சந்தேகம் வரும்!

அந்த இரண்டு அத்தைகளிடம் நான்கு வயதில் வளரப் போன சகோதரர் மகள்தான் டோலோரஸ் கீன். ஐந்து வயதில் வானொலிக்காகக் குரல் பதிவாகிவிட்டது! 1958! மழலை மாறும் முன்பே ஒலிபரப்பு!

டோலோரஸ் பின்னாளில் 'டி டானன்' குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1992-ல் பல பாடகிகளோடு சேர்ந்து இவர் பாடிய 'எ உமன்ஸ் ஹார்ட்' தொகுப்பு அயர்லாந்தின் விற்பனைச் சாதனைகளில் ஒன்று! தம்பி ஷான் கீனும் பாடகர். அந்த வீட்டுச் சுவருக்குக் காது மட்டுமல்ல, தொண்டையும் உண்டு போல!

அடுத்த அத்தை, டோனகால் மாவட்டம் ரானாஃபாஸ்ட் கிராமத்து நெலி. கூடப் பிறந்த சகோதரர் நாட்டுப்பாட்டுச் சேகரிப்பாளர். நெலி மட்டும் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தது கிட்டத்தட்ட 300 பாட்டு! ஒரே ஆள்! ஒரே ஞாபகம்!

விடுமுறைக்கு வந்த சகோதரர் பிள்ளைகள் அத்தையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மீஹால், ட்ரீனா, மைரேட். மூன்று பேரும் ஒரு நண்பரோடு சேர்ந்து 1971-ல் 'ஸ்காரா ப்ரே' என்று ஓர் இசைத்தட்டு போட்டார்கள். ஐரிஷ் மொழிப் பாட்டுகளைப் பல குரல் இசைவோடு பாடிப் பதிவுசெய்த முதல் குழு இதுதான்! அத்தை தனிக்குரலில் பாடியதை மருமக்கள் நான்கு குரலாகப் பிரித்துவிட்டார்கள்!

குழுவின் பெயரைக் கவனித்தீர்களா? ஸ்காரா ப்ரே என்பது ஸ்காட்லாந்துத் தீவொன்றில் மணலுக்கு அடியிலிருந்து வெளிப்பட்ட கற்காலக் கிராமம். வயது ஏறக்குறைய 5,000 ஆண்டு! மீஹாலும் ட்ரீனாவும் அதோடு நிற்கவில்லை. சில ஆண்டுகளில் 'பாத்தி பேண்ட்' குழுவில் சேர்ந்து ஐரோப்பாவையே ஆட வைத்தார்கள்!

அத்தை இல்லாத குடும்பமும் உண்டு. அங்கே தாய்மாமன்! அதுவும் இரட்டை!

அதே டோனகால் மாவட்டம். ப்ரெனன் வீட்டுப் பிள்ளைகள் மோயா, கியாரன், போல். அவர்கள் அம்மாவின் தம்பிகள் நோயல், பாட்ரிக் என்ற இரட்டையர். மாமன்களுக்கும் மருமகளுக்கும் வயது வித்தியாசம் மூன்றே வருடம்! ஐந்து பேரும் சேர்ந்து அப்பாவின் மதுக்கடையில் பாடத் தொடங்கினார்கள். குழுவின் பெயர் 'கிளானாட்'. பேரிலேயே குடும்பத்தையும் ஊரையும் முடிந்து வைத்துக்கொண்டார்கள்!

1982-ல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்குத் தலைப்புப் பாட்டு கேட்டார்கள். பாடியது ஐரிஷ் மொழியில். பிரிட்டனில் பாதிப் பேருக்கல்ல, ஏறக்குறைய யாருக்குமே புரியாது! பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் எந்த இடம் கிடைத்தது தெரியுமா? 5!

ப்ரெனன் வீட்டில் மொத்தம் ஒன்பது பிள்ளைகள். அதில் ஒரு பெண் கிளானாடில் சில காலம் இருந்துவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். பெயர் என்யா! உலகம் முழுக்க விற்ற இசைத்தொகுப்புகள் 7 கோடிக்கும் மேல்! மதுக்கடையில் பாட ஆரம்பித்த குடும்பத்துப் பெண் இன்று வசிப்பது கோட்டையில்! சும்மா சொல்லவில்லை, நிஜக் கோட்டை. டப்ளின் அருகே, 1997-ல் வாங்கியது!

ஃபெர்மானா மாவட்டத்து பேடி டன்னிக்கு 'பாட்டு மனிதர்' என்றே பட்டம். பாட்டு எங்கிருந்து வந்தது? அம்மா பிரிஜிட் டன்னியிடமிருந்து! அம்மாவின் அண்ணன் தம்பி முறையில் மைக்கேல் கலஹர் என்ற மாமனும் பாடகர். அம்மா ஒரு பக்கம், மாமன் ஒரு பக்கம். பையன் தப்பிக்க முடியுமா?

பேடி டன்னி 1940-களில் விடுதலைப் போராட்டத் தொடர்பால் சில ஆண்டுகள் சிறையில் இருந்தார். வெளியே வந்து என்ன வேலை பார்த்தார்? சுகாதார ஆய்வாளர்! பகலில் ஊர்ச் சுகாதாரம், இரவில் ஊர்ப் பாட்டு!

பாடும் தொண்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆட்டத்துக்கு வாத்தியக்காரர் வரவில்லையா? கவலையே வேண்டாம். 'லில்டிங்' இருக்கிறது. அர்த்தமில்லாத அசைகளை வாயாலேயே அடுக்கி வயலின் மெட்டை அப்படியே உதிர்ப்பார்கள். ஆட்டக்காரர்கள் அதற்கே ஆடுவார்கள்! இதற்கென்று தேசியப் போட்டிகூட நடக்கிறது!

ஆர்மா மாவட்டம் கீடியில் சாரா மேக்கம் என்ற அம்மாள். லினன் ஆலையில் நெசவு வேலை. தலைக்குள் 500-க்கும் மேற்பட்ட பாட்டு! ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை கேட்டால் போதுமாம், பாட்டு மனசில் ஏறிவிடும்!

1950-களில் பி.பி.சி. நாட்டுப்பாட்டுக்கென்றே ஒரு வானொலி நிகழ்ச்சி நடத்தியது. ஒவ்வொரு வாரமும் அதைத் தொடங்கி வைத்த குரல் எந்தச் சங்கீத வித்துவானுடையது? கீடி ஊர்ச் சாரா மேக்கத்தினுடையது!

சாராவின் பாட்டைப் பதிவுசெய்ய 1955-ல் அமெரிக்காவின் குக்கன்ஹைம் கோடீஸ்வரக் குடும்பத்துப் பெண் ஒருவர் வேறு பெயர் வைத்துக்கொண்டு வந்தார். டயான் ஹாமில்டன் என்று பெயர். கூட வந்த ஐரிஷ் இளைஞன் லியாம் கிளான்சி. சாராவின் வீட்டிலிருந்த இளைஞன் டாமி மேக்கம். இரண்டு பையன்களும் அங்கேதான் சந்தித்துக்கொண்டார்கள். அம்மா பாட, பிள்ளைகள் நட்பாக, அமெரிக்க மேடைகளையே கலக்கிய 'கிளான்சி பிரதர்ஸ் அண்ட் டாமி மேக்கம்' கூட்டணிக்குப் பிள்ளையார் சுழி விழுந்தது அந்த வீட்டில்!

நியூயார்க் குளிரில் பிள்ளைகள் நடுங்குவார்களே என்று கிளான்சி வீட்டு அம்மா அயர்லாந்திலிருந்து வெள்ளைக் கம்பளிச் சட்டைகளை அனுப்பி வைத்தார். அரன் தீவுப் பின்னல். பிள்ளைகள் அதையே மேடையிலும் மாட்டிக்கொண்டார்கள். 1961-ல் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 16 நிமிடம் தோன்றினார்கள். அப்புறம் அந்தச் சட்டைக்கு அமெரிக்காவில் ஏக கிராக்கி! அம்மா அனுப்பிய பார்சல் ஒரு பாணியாகவே மாறிப்போனது!

அந்தக் கூட்டத்தைச் சுற்றிவந்த ஒரு பையன் அவர்கள் பாடிய பழைய மெட்டுகளை எடுத்துத் தன் வரிகளைப் போட்டுக்கொண்டான். பெயர் பாப் டிலன்! பின்னாளில் இலக்கிய நோபல் வாங்கினாரே, அவரேதான்!

இனி சேகரிக்கப் போனவர்கள் கதை. இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்!

1942. உலகப் போர். பெட்ரோல் தட்டுப்பாடு. ஷேமஸ் என்னிஸ் என்ற 23 வயது இளைஞனை நாட்டுப்புறவியல் ஆணையம் வேலைக்கு எடுத்தது. கொடுத்த கருவிகள்: பேனா, காகிதம், சைக்கிள்! சம்பளம் வாரம் 3 பவுண்டு! ஒலிப்பதிவுக் கருவியா? மூச்சு விடாதீர்கள். கிழவர் பாடப் பாட, காதால் கேட்டுச் சுரத்தைக் காகிதத்தில் இறக்க வேண்டும்!

என்னிஸ் சைக்கிளை மிதித்துக்கொண்டு கானமாரா கடற்கரைக்குப் போனார். கிளின்ஸ்க் என்ற குக்கிராமத்தில் கொலம் என்ற விவசாயி. மீனும் பிடிப்பார். "பாடுங்கள்" என்றால் பாட நேரம் வேண்டுமே? என்னிஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கூடவே வேலைக்கு இறங்கினார்! வைக்கோல் போர் போட்டார்! வேலை முடிந்ததும் பாட்டு எழுதினார். அந்த ஒரே ஆளிடம் என்னிஸ் எழுதியெடுத்த பாட்டும் மெட்டும் எத்தனை? 212!

என்னிஸின் இசைக் காதுக்குக் காரணம் உண்டு. அவர் அப்பாவே பெயர்பெற்ற பைப் வாத்தியக்காரர்! தேடிப் போனவரும் பரம்பரை, தேடிப் போனதும் பரம்பரை!

1937 முதல் 1939 வரை அயர்லாந்து அரசு செய்த ஒரு வேலையைக் கேட்டால் அசந்துவிடுவீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தது. கணக்கல்ல, கட்டுரையல்ல. வீட்டுப் பெரியவர்களிடம் பழங்கதையும் பாட்டும் கேட்டு எழுதி வா என்றது! பங்கெடுத்த பள்ளிகள் சுமார் 5,000. பிள்ளைகள் சுமார் 50,000. குவிந்த பக்கங்கள்? ஏறக்குறைய 7,40,000!

நாட்டுப்புறவியல் ஆணையத்தின் மொத்தத் தொகுப்பும் 2017-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது. தாத்தா பாட்டியின் பேச்சுக்கு உலகப் பாதுகாப்பு!

டாம் மன்னலி என்ற ஒற்றை மனிதர் ஒலிநாடாவோடு ஊர் ஊராகச் சுற்றிப் பதிவுசெய்த பாட்டுகளின் எண்ணிக்கை 20,000-க்கும் மேல்! தனி ஒருவர் சேர்த்ததில் அயர்லாந்தில் இதை மிஞ்ச ஆளில்லை!

மன்னலிக்குக் கிடைத்த வைரம் ஜான் ரைலி. வீடு வாசலின்றி ஊர் ஊராக அலையும் 'டிராவலர்' இனத்தவர். அவர் பாடிய ஒரு கதைப்பாட்டைக் கேட்டு அறிஞர்கள் வாயடைத்துப் போனார்கள். வாய்மொழி வழக்கிலிருந்து எப்போதோ அழிந்துபோனதாக நினைத்திருந்த பாட்டு அது! ஒரு நாடோடிக் குடும்பத்துக்குள் பத்திரமாக உயிரோடு இருந்தது! ரைலி 1969-ல் நாற்பத்துச் சொச்ச வயதில் வறுமையில் இறந்தார். 1973-ல் 'பிளாங்க்ஸ்டி' குழு அந்தப் பாட்டின் பெயரிலேயே இசைத்தட்டு வெளியிட்டது!

பழைய ஆங்கில, ஸ்காட்டிஷ் கதைப்பாட்டுகளை ஓர் அமெரிக்கப் பேராசிரியர் எண் போட்டு அடுக்கினார். மொத்தம் 305. அதில் ஐரிஷ் மொழிக்குள் நுழைந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். நுழைந்ததில் ஒன்று எது தெரியுமா? விலாங்கு மீனில் விஷம் வைத்துக் கொல்லும் கதை! சாகக் கிடக்கும் மகனிடம் அம்மா கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள், யாருக்கு எந்தச் சொத்து என்பது வரை! இந்தக் கதை 1629-லேயே இத்தாலியில் பாடப்பட்டதற்குச் சான்று இருக்கிறது!

விலாங்குப் பாட்டைப் பாடிப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் ஜோ ஹீனி. கானமாராவின் கார்னா பகுதி. அப்பாவிடமும் ஊராரிடமும் பிடித்த பாட்டு 500 என்று சொல்லிக்கொள்வார். இத்தனை பாட்டு தெரிந்தவர் நியூயார்க்கில் பார்த்த வேலை? சென்ட்ரல் பார்க் ஓரத்து அடுக்குமாடிக் கட்டடத்தில் வாயிற்காவலர்! பணக்காரர்களுக்குக் கதவு திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்!

1982-ல் அமெரிக்க அரசு நாட்டுப்புறக் கலைஞர்களுக்கான தேசிய விருதைத் தொடங்கியது. முதல் ஆண்டில் 15 பேர். ப்ளூகிராஸ் இசையின் தந்தை பில் மன்ரோ ஒருவர். நம் வாயிற்காவலர் இன்னொருவர்!

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பாடம் நடத்தச் சொன்னது. 1984-ல் அங்கேயே காலமானார். அவர் குரல் இன்று அங்கே ஆவணக் காப்பகத்தில் தனித் தொகுப்பு! அவர் வாழ்க்கை 2017-ல் 'சாங் ஆஃப் கிரானைட்' என்ற படமாகி, அயர்லாந்தின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கும் போனது!

1935-ல் கானமாராவின் கல்லுப் பூமியிலிருந்து 27 குடும்பங்களை அரசு பெயர்த்தெடுத்துக் கிழக்கே மீத் மாவட்டத்து நல்ல நிலத்தில் குடியேற்றியது. ஊர் பெயர் ராத் கார்ன். மூட்டை முடிச்சோடு பாட்டும் போனது! அப்படிப் போன சிறுவன் டாரா ஓ கஹான், வளர்ந்து பெரும் பாடகராகி, பிழைப்புக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம் போனார். கட்டட வேலை! எங்கே போனாலும் இந்தப் பாடகர்களுக்கு வாய்ப்பது செங்கல்தானா என்று எனக்கே ஆத்திரம் வருகிறது!

டோனகாலின் அரன்மோர் தீவில் ரோஷா என்ற பாட்டி. பெஸ் க்ரோனின் பிறந்த அதே 1879-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே பண்ணைக் கூலிக்குப் போனவர். வானொலிக்காரர்கள் தீவுக்கு வந்து பதிவுசெய்தது 1953-ல். பாட்டிக்கு 74! இசைத்தட்டாக வெளிவந்தது 1994-ல். பாட்டி இறந்து 30 வருடம் கழித்து!

பாட்டே செய்தித்தாளாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1828 செப்டம்பர் 4. கால்வே சந்தைக்குப் போன படகு காரிப் ஏரியில் மூழ்கியது. சுமார் 20 பேர் பலி. ஓர் ஆடு காலை உதைத்துப் பலகையை உடைத்ததாம்! பார்வையற்ற கவிஞர் ராஃப்டரி உடனே பாட்டுக் கட்டினார். இறந்தவர்கள் பெயரோடு! எழுதப் படிக்கத் தெரியாத அவர் கட்டிய பாட்டு இன்றுவரை பாடகர்கள் வாயில் உயிரோடிருக்கிறது!

சொன்னேனே அத்தைகள் என்று! மிகப் பெரிய அத்தையை இவ்வளவு நேரம் ஒளித்து வைத்திருந்தேன்!

பிரிட்டிஷ் ஆட்சியில் கத்தோலிக்கர் 5 பவுண்டுக்கு மேல் விலைபெறும் குதிரை வைத்திருக்கக் கூடாது. யாராவது 5 பவுண்டு நீட்டினால் குதிரையைக் கொடுத்துவிட வேண்டும்! ஆர்ட் ஓ லியரி என்ற 26 வயது வீரன் மறுத்தான். 1773 மே 4, கார்க் மாவட்டத்தில் சுட்டுக் கொன்றார்கள். மனைவி ஐலீன் அவன் உடல்மேல் விழுந்து கட்டிய ஒப்பாரிதான் ஐரிஷ் இலக்கியத்தின் உச்சங்களில் ஒன்று!

அதை யாரும் அப்போது எழுதி வைக்கவில்லை! கூலிக்கு மாரடிக்கும் ஓர் ஒப்பாரிக்காரி அதை மனசில் வைத்திருந்தாள். 1800 வாக்கில் அவள் சொல்ல எழுதினார்கள். அதே பெண் பல பத்தாண்டுகள் கழித்துக் கிழவியாகி மீண்டும் ஒருமுறை சொன்னாள்! கிட்டத்தட்ட 400 வரி!

அந்த ஐலீன் யாருக்கு அத்தை தெரியுமா? கத்தோலிக்கர்களுக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கதவைத் திறந்துவிட்ட டேனியல் ஓ கானலுக்கு! அப்பாவின் கூடப் பிறந்த சொந்த அத்தை! டப்ளினின் முக்கிய வீதிக்கே இன்று ஓ கானல் பெயர்தான்!

கடைசியாக ஒரு குறும்புப் பாட்டு. ஒரு வீட்டுப் பெண்ணை மயக்க வந்த வாலிபனைப் பெண்ணின் தாய் விரட்ட வேண்டும். சண்டை போட்டாளா? இல்லை! வைக்கோல் கயிறு திரித்துத் தரச் சொன்னாள். திரிக்கத் திரிக்கக் கயிறு நீளும். திரிப்பவன் பின்னால் நகர்ந்துகொண்டே போக வேண்டும். நகர்ந்தான், நகர்ந்தான், வாசலைத் தாண்டினான். படார்! கதவு சாத்தியாகிவிட்டது!

2015-ல் வந்த 'புரூக்ளின்' படம் பார்த்திருக்கிறீர்களா? கிறிஸ்துமஸ் விருந்தில் ஏழை ஐரிஷ் தொழிலாளர்கள் நடுவே ஒருவர் எழுந்து துணைக்கருவி இல்லாமல் பாடுவாரே, அது இந்தக் கயிற்றுப் பாட்டுதான்! பாடியவர்? பெஸ் க்ரோனின் பரம்பரை ஈர்லா!

இதே கயிற்றுக் கதையை டக்ளஸ் ஹைட் என்ற அறிஞர் ஐரிஷ் மொழியில் நாடகமாக எழுதினார். 1901-ல் டப்ளினின் கெயட்டி அரங்கில் மேடையேறியது. கயிறு திரித்துக்கொண்டே வெளியே போய் ஏமாறும் நாயகனாக நடித்ததும் ஹைட்டேதான். கதவுக்கு வெளியே நின்ற அந்த ஆள் 1938-ல் என்ன ஆனார் தெரியுமா? அயர்லாந்தின் முதல் ஜனாதிபதி!